துருத்தியின் மூச்சில் வாழும் மெட்டுகள்

மனிதர்களுக்கு இருப்பது போலவே இசைக்கருவிகளுக்கும் ஏற்றமும் தாழ்வும் உண்டு. நேற்று வாசலில் நிறுத்தப்பட்ட கருவி இன்று கூடத்தில் அமர்கிறது. நேற்றுக் கூடத்தில் வீற்றிருந்தது இன்று பரணில் தூசு படிந்து கிடக்கிறது. ஐரோப்பாவின் வடகோடியில், நெடிய குளிர்காலத்தைக் கொண்ட சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில், அக்கார்டியன் என்னும் கருவிக்கு நேர்ந்த கதை இத்தகையது. ஏழைகள் அதை அன்போடு அணைத்துக்கொண்டார்கள். கற்றோர் அதை வெறுத்து ஒதுக்கினார்கள். நாட்டின் பழைய இசையைக் கொல்ல வந்த அந்நியன் என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் இன்று, அதே பழைய இசையைக் காத்து நிற்கும் கருவிகளுள் அதுவும் ஒன்று. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? கருவி மாறியதா, அல்லது அதை வாசித்த கைகள் மாறினவா? சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

பெட்டிக்குள் ஒரு நாக்கு

அக்கார்டியனை நேரில் பார்த்திராதவர்களும் அதன் நெருங்கிய உறவினரான ஆர்மோனியத்தை நன்கு அறிவார்கள். இரண்டிலும் ஒலி பிறக்கும் முறை ஒன்றே. ஒரு முனை பொருத்தப்பட்டு, மறுமுனை தடையின்றி அசையுமாறு விடப்பட்ட மெல்லிய உலோக நாக்கின்மீது காற்று மோதும்போது, அந்த நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. இதையே நாம் ‘ரீடு’ என்று வழங்குகிறோம். சீன நாட்டில் ‘ஷெங்’ எனப்படும் வாய்வாத்தியத்தில் இந்த முறை மிகப் பழங்காலத்திலிருந்தே வழக்கில் உள்ளது. ஐரோப்பாவில், வியன்னா நகரத்தைச் சேர்ந்த சிரில் டெமியான் என்பவர் 1829-ஆம் ஆண்டில் ‘அக்கார்டியன்’ என்ற பெயருடன் ஒரு சிறு பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் பல சுரங்கள் ஒன்றாக இசைந்து ஒலித்தன. அந்த இசைவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கருவியின் பெயரும் பிறந்தது.

ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை இயக்க, மறு கை கட்டைகளைத் தொடுகிறது. அக்கார்டியனிலோ துருத்தி நடுவில் இருக்கிறது. வாசிப்பவர் கருவியைத் தோளில் மாட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு, துருத்தியை விரித்தும் மூடியும் வாசிக்கிறார். வலக்கை மெட்டை இசைக்க, இடக்கை தாளத்துக்கேற்ற அடிச்சுரங்களை ஒலிக்கிறது. சுவீடன் மொழியில் இக்கருவியை ‘டிராக்ஸ்பெல்’ என்பார்கள். இழுத்து வாசிப்பது என்று பொருள். நார்வேயின் ‘டிரெக்ஸ்பில்’ என்ற சொல்லுக்கும் பொருள் அதுவே.

இதில் பழமையான வகை ஒன்று உண்டு. ஒன்று அல்லது இரண்டு வரிசைப் பொத்தான்களே உள்ள எளிய பெட்டி அது. அதில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை விரித்தால் ஒரு சுரமும், மூடினால் வேறொரு சுரமும் ஒலிக்கும். மூச்சை இழுப்பதும் விடுவதும் போல, மெட்டு முழுவதும் துருத்தி மாறி மாறி அசைந்தே ஆகவேண்டும். இந்தச் சிறு பெட்டிதான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடநாடுகளின் கிராமங்களுக்குள் புகுந்தது.

பிடில் ஆண்ட நாடு

அக்கார்டியன் வந்தபோது அந்தக் கிராமங்கள் இசையின்றி வறண்டு கிடக்கவில்லை. அங்கே பிடில் கோலோச்சிக்கொண்டிருந்தது. திருமண நாளில் மணமக்களும் உறவினரும் ஆலயத்தை நோக்கி ஊர்வலமாகச் செல்லும்போது, முன்னால் பிடில்காரர்கள் நடை மெட்டுகளை வாசித்துச் சென்றார்கள். அறுவடை முடிந்த இரவுகளிலும், கிறிஸ்து பிறப்புக் காலத்து விருந்துகளிலும், அவர்களின் வில்லுக்கு ஓய்வே இல்லை. நார்வே நாட்டின் மேற்குப் பகுதியில் ‘ஹார்டாங்கர்’ பிடில் என்ற சிறப்பு வகை ஒன்று உண்டு. வில்லால் வாசிக்கப்படும் நான்கு தந்திகளுக்கு அடியில், யாரும் தொடாமலே அதிர்ந்து ஒலிக்கும் தந்திகள் நான்கோ ஐந்தோ கட்டப்பட்டிருக்கும். அதனால் தனியொருவர் வாசித்தாலும், பின்னே ஒரு குழுவே முணுமுணுப்பது போன்ற நாதம் எழும்.

சுவீடனில் மக்கள் பெரிதும் போற்றிய ஆட்ட மெட்டு ‘பொல்ஸ்கா’. நம் திசிரத்தைப் போல மூன்று அடிகள் கொண்டது. ஆண்டுகள் பல கடந்தபின், இதுவே சுவீடனின் ஆன்மா என்று அறிஞர்கள் எழுதினார்கள். ஆனால் அந்தப் பெயரின் பொருள் என்ன தெரியுமா? ‘போலந்து நாட்டினது’ என்பதே! 17-ஆம் நூற்றாண்டளவில் போலந்திலிருந்து வந்த ஆட்டம் அது. அதை வாசித்த பிடிலும் தெற்கே இத்தாலியில் உருப்பெற்று வடக்கே வந்து சேர்ந்த கருவிதான். சொந்தம் என்று நாம் மார்தட்டும் பலவும் ஒரு காலத்தில் விருந்தாளிகளாக வந்தவையே என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

அந்தப் பிடிலும் நிந்தைக்குத் தப்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் லூத்தரன் திருச்சபையினரிடையே எழுந்த பக்தி எழுச்சி இயக்கங்கள் பலருடைய வாழ்வைச் சீர்ப்படுத்தின. குடியைக் கைவிடவும், திருமறை நூலை வாசிக்கவும், உழைத்து வாழவும் மக்களைத் தூண்டின. ஆயினும் அந்த வேகத்தில், ஆட்டத்தோடும் குடியோடும் சேர்ந்திருந்த பிடிலும் பாவத்தின் கருவியாகக் கருதப்பட்டது. சாத்தானே பிடில்காரனாக வந்து இளைஞர்களை ஓயாமல் ஆடவைத்தான் என்ற கதை, சுவீடனின் ஹோர்கா என்ற ஊரைப் பற்றி இன்றும் வழங்குகிறது. நார்வேயில் மனம் மாறிய பிடில்காரர்கள் சிலர் தங்கள் கருவிகளைத் தாங்களே நெருப்பிலிட்டார்கள். எத்தனையோ தலைமுறைகளின் மெட்டுகள் அவற்றோடு மௌனமாயின.

ஏழையின் இசைக்குழு

இந்த நிலையில்தான் அக்கார்டியன் வந்தது. ஜெர்மன் தொழிற்சாலைகளில் ஏராளமாகச் செய்யப்பட்டமையால் அதன் விலை குறைந்தது. பிடிலைப் போல அடிக்கடி சுருதி கூட்ட வேண்டியதில்லை. குளிரிலும் ஈரத்திலும் தந்தி தளர்ந்துபோகும் கவலையும் இல்லை. தொடங்குவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஆள் மெட்டையும் தாளத்தையும் சேர்த்து வாசிக்க முடிந்தது. நூறு பேர் ஆடும் கூடத்திலும் அதன் ஒலி தெளிவாகக் கேட்டது. சுருங்கச் சொன்னால், ஒரு முழு இசைக்குழுவையே ஏழை ஒருவன் தோளில் சுமந்து செல்ல முடிந்தது.

இருப்புப்பாதை போடச் சென்ற கூலியாட்கள், காடுகளில் மரம் வெட்டியவர்கள், ஆலைத் தொழிலாளர், பண்ணை வேலையாட்கள் ஆகியோரே அதன் முதல் அன்பர்கள். வீட்டை விட்டு நெடுந்தொலைவில், மரக்குடிசைகளில் குளிர்காலத்தைக் கழித்த அவர்களுக்கு அந்தப் பெட்டி உற்ற துணையாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை, வறுமையினால் சுமார் 13 லட்சம் சுவீடன் மக்கள் கடல் கடந்து, பெரும்பாலும் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களுடைய மரப்பெட்டிகளுக்கிடையே அக்கார்டியனும் பயணம் செய்தது.

ஏழைகளின் இக்கருவியை நாடறியச் செய்தவர் கார்ல் யூலார்போ (1893–1966). சுவீடனின் டாலர்னா மாநிலத்தில், ஊரார் தாழ்வாக நோக்கிய நாடோடிச் சமூகத்தோடு உறவுடைய குடும்பம் அவருடையது. பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளை வழங்கினார். காட்டு மக்களின் வாழ்வைப் பெயரில் தாங்கிய அவருடைய வால்ஸ் மெட்டு ஒன்று அமெரிக்கா சென்று, ஆங்கிலச் சொற்களை ஏற்று, 1951-இல் அந்த நாடெங்கும் பாடப்பட்டது. பாடியவர்களுள் எத்தனை பேர் அந்த மெட்டின் பிறப்பிடத்தை அறிந்திருப்பார்கள்!

கற்றோர் அளித்த தீர்ப்பு

ஆனால் அக்கார்டியனோடு புதிய ஆட்டங்களும் வந்தன. வால்ஸ், போல்கா, ஷாட்டிஸ், மசூர்க்கா ஆகியவை இளைஞர்களை ஈர்த்தன. பொல்ஸ்கா பழங்கதையாயிற்று. முதிய பிடில்காரர்களை விருந்துக்கு அழைப்பார் இல்லை. அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய மெட்டுகளும் மறைந்தன.

இதைக் கண்டு உள்ளம் வருந்தியவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920). தம் சொந்த ஊரான மூராவுக்கு அருகே, கெசுண்டா என்னுமிடத்தில், 1906-ஆம் ஆண்டு அவர் பழைய மெட்டுகளுக்கான போட்டி ஒன்றை நடத்தினார். முதியவர்கள் தங்கள் பிடில்களோடும், ஆயர்கள் ஊதும் கொம்புகளோடும் வந்து வாசித்தார்கள். 1910-இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட பதக்கம் இன்றும் சிறந்த நாட்டார் கலைஞர்களுக்கு வழங்கப்படுகிறது. நீதித் துறையில் பணியாற்றிய நீல்ஸ் ஆண்டர்சன் என்பவர் ஊர் ஊராகச் சென்று மெட்டுகளை எழுதிச் சேர்த்தார். அவர் 1921-இல் மறைந்த பின்னரும் அந்தப் பணி நிற்கவில்லை. 1922 முதல் 1940 வரை 24 தொகுதிகளாக ஏறக்குறைய 8,000 மெட்டுகள் அச்சேறின. பாராட்டுக்குரிய தொண்டு அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பழமையின்பால் எழுந்த அந்த அன்பு, புதியதன்மீது சினமாகவும் மாறியது. அக்கார்டியன்களைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி நொறுக்க வேண்டும் என்று எழுதினார் இசையமைப்பாளர் ஹூகோ ஆல்வேன். நேற்றுவரை குற்றவாளிக் கூண்டில் நின்ற பிடில் இன்று நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தது. அக்கார்டியன் கூண்டில் ஏறியது. காலத்தின் விந்தையை என்னென்பது!

அவர்கள் கூறிய குற்றச்சாட்டு முற்றிலும் பொய் என்றும் சொல்வதற்கில்லை. பழைய பிடில் மெட்டுகளில் இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகள் உண்டு. விரலைச் சற்றே நகர்த்திப் பிடில்காரர் அவற்றைப் பிடித்துவிடுவார். அக்கார்டியனின் உலோக நாக்கோ தொழிற்சாலையில் அறுதியிட்ட சுரத்தை மட்டுமே ஒலிக்கும். மேலும், இடக்கைப் பொத்தான்களில் முன்கூட்டியே கோக்கப்பட்ட சுரக்கூட்டங்கள், மெட்டின் மென்மையான நிறத்தை மூடிமறைத்துவிடும். இதே குற்றச்சாட்டின்பேரில்தான் நம் நாட்டில் அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு முதல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. கமகங்களுக்கு இடம் தராத கருவி என்று கூறப்பட்டது. 1971-ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை தளரத் தொடங்கிற்று. அதற்கிடையிலும் ஆலயங்களிலும் நாடக மேடைகளிலும் பஜனைக் கூடங்களிலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்ததை நாம் அறிவோம்.

வில்லிடம் பாடம் கேட்ட துருத்தி

வடநாடுகளிலும் தீர்ப்புகளால் அக்கார்டியன் வாய்மூடிவிடவில்லை. ஆனால் அதற்கு மதிப்பை மீட்டுத் தந்தது வாதம் அன்று, பணிவு. 1970-ஆம் ஆண்டுகளில் சுவீடன் இளைஞர்களிடையே நாட்டார் இசையின்பால் பேரார்வம் பிறந்தது. டாலர்னாவில் பிங்ஷோ என்ற சிற்றூரில் 1969-இல் தொடங்கிய கோடைக்கால இசைக்கூட்டத்துக்குத் திரள்திரளாக மக்கள் வந்தார்கள். அந்தத் தலைமுறையில் அக்கார்டியனை எடுத்தவர்கள் பிடில்காரர்களின் எதிரில் மாணவர்களாக அமர்ந்தார்கள். வார்ம்லாந்து மாநிலத்தின் மெட்டுகளைப் பிடிலிலும் பழைய வகை அக்கார்டியனிலும் வாசித்துப் புகழ்பெற்ற மாட்ஸ் எடேன் இவர்களுள் ஒருவர். அண்டை நாடான பின்லாந்தில் மரியா கலானியெமி என்ற பெண் கலைஞர் அக்கார்டியனுக்குப் புதிய மேன்மையைத் தேடித்தந்தார்.

இவர்கள் கற்றுக்கொண்டவை யாவை?

முதலாவது, துருத்தியை வில்லாகக் கருதுதல். பிடிலில் வில் மேலும் கீழும் செல்வதில்தான் மெட்டின் அழுத்தம் பிறக்கிறது. அக்கார்டியனில் விரல்கள் எவ்வளவு விரைந்தாலும், துருத்தி உயிரற்று நகர்ந்தால் மெட்டு தட்டையாகிவிடும். எங்கே காற்றை அழுத்துவது, எங்கே தளர்த்துவது, எந்தச் சுரத்தில் துருத்தியைத் திருப்புவது என்பதே கலை. விரித்தால் ஒரு சுரம், மூடினால் மறு சுரம் என்னும் பழைய சிறு பெட்டியை நாட்டார் கலைஞர் பலர் இன்றும் விரும்புவதன் காரணம் இதுவே. அதன் குறைபாடே மெட்டுக்கு இயல்பான மூச்சைத் தந்துவிடுகிறது.

இரண்டாவது, அடிகளின் அளவு. பொல்ஸ்காவின் மூன்று அடிகளில், முதலடியும் மூன்றாமடியும் அழுந்தி ஒலிப்பது பெருவழக்கு. ஆனால் பல ஊர்களில் அந்த மூன்று அடிகளும் ஒரே நீளமுடையவை அல்ல. நார்வேயின் ‘ஸ்பிரிங்கார்’ என்ற ஆட்ட மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெலமார்க் பகுதியில் முதலடி நீண்டும், அடுத்தது நடுத்தரமாகவும், கடைசி அடி குறுகியும் ஒலிக்கும். வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கிலோ முதலடி குறுகும், இரண்டாமடி நீளும், மூன்றாமடி நடுத்தரமாக நிற்கும். இதைத் தாளில் எழுதிக் காட்டுவது அரிது. ஆடுபவரின் பாதங்களைப் பார்த்தே அறியவேண்டும். ஆட்டம் தெரியாதவருக்கு மெட்டும் வசப்படாது என்று அங்கே ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது, இடக்கையின் அடக்கம். கையிலே எத்தனையோ பொத்தான்கள் இருப்பதால் எல்லாவற்றையும் அழுத்தவேண்டும் என்பதில்லை. பழைய மெட்டுகள் பக்கச் சுரக்கூட்டங்களின் துணையின்றிப் பிறந்தவை. ஆகவே தேர்ந்த கலைஞர்கள் பல இடங்களில் இடக்கையைச் சும்மா வைத்திருக்கிறார்கள். அல்லது தம்பூராவின் சுருதி போல ஒரே ஆதாரச் சுரத்தை நீள ஒலிக்கவிடுகிறார்கள். சுரக்கூட்டத்தில் இன்பத்தையோ துயரத்தையோ முன்கூட்டியே அறுதியிட்டுவிடும் நடுச்சுரம் ஒலிக்காதபடி, அதன் நாக்கை அடைத்துவிடுவோரும் உண்டு. மெட்டு தன் நிறத்தைத் தானே சொல்லட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

நான்காவது, அலங்காரங்கள். பிடில்காரர் விரல் நுனியால் செய்யும் சிறு நடுக்கத்தை, அக்கார்டியன் கலைஞர் அண்டைப் பொத்தானை மின்னல்போல் தொட்டு விடுவதால் ஒருவாறு உணர்த்துகிறார். இடைப்பட்ட நுண்சுரம் கிடைக்காது என்பது உண்மையே. அந்த இல்லாமையை மறைக்க ஆரவாரம் செய்யாமல், தன்னால் இயன்றதைத் தூய்மையாகச் செய்தலே அழகு என அவர்கள் உணர்ந்தார்கள்.

இவ்வாறு கருவி அடியோடு மாறிவிடவில்லை. உலோக நாக்கு இன்னும் உலோக நாக்கே. மாறியது கைகளும் செவிகளும். கேட்கத் தெரிந்தவர் கையில், அழிக்க வந்தது என்று பழிக்கப்பட்ட கருவியே காக்கும் கருவியாயிற்று. இன்னுமொரு விந்தையும் நிகழ்ந்தது. ஒரு காலத்தில் புதுமோகம் என்று பழிக்கப்பட்ட வால்ஸும் போல்காவும் இன்று அந்நாடுகளில் ‘பழைய ஆட்டங்கள்’ என்னும் பெயரோடு, பாட்டனாரும் பேத்தியும் கைகோத்து ஆடும் மரபாகிவிட்டன!

‘இவரிடமிருந்து’ என்னும் பெயர்

சுவீடன் நாட்டார் இசையில் போற்றத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. எத்தனையோ மெட்டுகளுக்குத் தனிப்பெயர் கிடையாது. ‘இன்னாரிடமிருந்து வந்த பொல்ஸ்கா’, ‘இன்னாரிடமிருந்து வந்த நடை மெட்டு’ என்றே அவை அழைக்கப்படுகின்றன. அந்த ‘இன்னார்’ மெட்டை இயற்றியவராக இருக்கவேண்டியதில்லை. ஏதோ ஒரு காட்டோரச் சிற்றூரில் வாழ்ந்து, தமக்கு முன்னோர் தந்ததை மறவாமல் வைத்திருந்து, கேட்ட இளையவருக்கு வாசித்துக்காட்டிய பிடில்காரராக இருக்கலாம். உழவராகவோ, செருப்புத் தைப்பவராகவோ, மாடு மேய்த்த மூதாட்டியாகவோ இருக்கலாம். மேடையில் வாசிக்கும் கலைஞர், வாசிக்குமுன் அவர் பெயரைச் சொல்லுகிறார். ‘இது என்னுடையது’ என்று சொல்லாமல், ‘இது எனக்குத் தரப்பட்டது’ என்று சொல்லும் பண்பு எத்துணை உயர்ந்தது!

பிடிலில் பிறந்த அந்த மெட்டுகளை அக்கார்டியன் கலைஞர்கள் வாசிக்கும்போதும் இதே வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். வெட்டி நொறுக்கப்படவேண்டியது என்று ஒரு காலத்தில் இகழப்பட்ட கருவி, இகழ்ந்தவர்கள் போற்றிய முதியோரின் பெயர்களை நன்றியோடு அறிவிக்கிறது. பகையை வெல்ல இதைவிடச் சிறந்த வழி வேறுண்டோ?

நூலகத்தின் 24 தொகுதிகளும் அரிய செல்வமே. ஆயினும் அடிகளின் நீளத்தையும், வில்லின் அழுத்தத்தையும், துருத்தி திரும்பும் நொடியையும் எந்தத் தொகுதியாலும் முழுமையாகப் பிடித்துவைக்க இயலவில்லை. அவை இன்றும் சமையற்கட்டு மேசையின் எதிரும் புதிருமாக அமர்ந்த இருவரிடையே, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, மறுபடி வாசித்து, தவற்றைத் திருத்திக்கொண்டு, இப்படித்தான் கைமாறுகின்றன. முதியவர் ஒருவர் பொறுமையாக அமர்ந்து வாசிக்கவும், இளையவர் ஒருவர் பொறுமையாக அமர்ந்து கேட்கவும் ஒரு வீட்டில் நேரம் இருக்கும்வரை, எந்தக் கருவி வந்தாலும் மெட்டு சாவதில்லை. அந்த நேரம் இல்லாமற்போன வீட்டில், எந்தக் கருவியாலும் அதைக் காப்பாற்ற இயலாது.